அட்வான்ஸ் வாங்கியாச்சு

எனக்கு ஏழு வயதில் அம்மை போட்டது. பங்குனி மாதம். வாசல் நிலையில் வேப்பிலை செருகி, பாயின் மேல் வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் வேப்பங்கொழுந்தைப் பரப்பி என்னைப் படுக்க வைத்திருந்தார்கள். அடுப்பில் எதையும் தாளிக்கக் கூடாது. வெளியாள் உள்ளே வரக் கூடாது. வீட்டாள் வெளியே போய் ராத்தங்கக் கூடாது. இந்த மூன்றாவது விதியை அம்மா அன்று சாயங்காலமே மீறினாள்.

அம்மா ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட். மதுரையைச் சுற்றி ஐம்பது அறுபது மைல் தூரத்துக்கு வள்ளி என்றால் அவள்தான் என்று சொல்வாள். அப்படிச் சொல்லிக்கொண்ட வள்ளிகள் அன்று மதுரையில் நிறையப் பேர் இருந்தார்கள் என்பது வேறு விஷயம். அன்றைக்கு அவளுக்கு ஒரு கிராமத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் நாடகம். ஆத்தா எங்கள் வீட்டுக்கு வந்து என் மேல் இறங்கியிருக்க, அம்மா அதே ஆத்தாவின் கோயில் வாசலில் ஆடக் கிளம்பினாள். வீட்டில் அம்மை என்பதை அந்த ஊர்க்காரர்களிடம் அவள் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். கிட்டே வரவில்லை.

"அட்வான்ஸ் வாங்கியாச்சு பாப்பா. பெரியம்மா இருக்கால்ல. காலைல வந்துருவேன்."

வந்தாள், மறுநாள் ஒன்பது மணிக்கு. காதோரம் ரோஸ் பவுடர் கலையாமல் இருந்தது. அந்த ராத்திரி முழுக்க வேப்பங்குழையால் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது பெரியம்மா. மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் பெரியம்மா. அம்மா அன்றைக்கும் நாடகத்துக்குப் போயிருந்தாள்.

இப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. நானும் மேடையில் நடிக்கிறேன். சென்னையில், நவீன நாடகம். ஐந்து வயதில் ஒரு மகள். போன வருடம் ஒரு அழைப்பு வந்தது. புது நாடகம், நல்ல பாத்திரம், நாற்பது நாள் ஊர் ஊராகப் போக வேண்டும். அந்த மெயிலைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது வேப்பிலை வாசம்.

அம்மா செய்தது தப்பா? இருபத்தெட்டு வருடமாக எனக்குள் இருக்கும் கேள்வி, இப்போது என்னைக் குறித்த கேள்வியாகவும் ஆகிவிட்டதால் எழுதுகிறேன்.

*

கல்லூரியில் தத்துவம் படித்த நண்பன் ஒருவன் இந்தக் கேள்விக்கு ஒரு பிரபலமான உதாரணம் இருக்கிறது என்று சொன்னான். பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1976-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் கோகேன் என்ற ஓவியனை உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். நிஜ கோகேனை அப்படியே எடுக்காமல் தன் வாதத்துக்காகக் கொஞ்சம் மாற்றிக்கொண்ட கோகேன். குடும்பத்தை விட்டுவிட்டு ஓவியத்துக்காகத் தீவுக்குப் போகிறான். அவன் செய்தது சரியா? வில்லியம்ஸ் சொல்வது: கிளம்பும்போது அதற்குப் பதில் கிடையாது. அவன் ஓவியனாக ஜெயித்தால் மட்டுமே, பின்னால் திரும்பிப் பார்க்கும்போது, அவனுடைய முடிவுக்கு ஒரு நியாயம் கிடைக்கலாம். தோற்றால் அதுவும் இல்லை. ஜெயித்தாலும்கூட, கைவிடப்பட்டவர்கள் அந்த நியாயத்தை ஏற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

முதலில் கேட்டபோது பெரிய வெளிச்சம் மாதிரி இருந்தது. பிறகு அம்மாவை வைத்து யோசித்துப் பார்த்தால் எதுவும் பொருந்தவில்லை.

கோகேனுக்கு ஓவியங்கள் மிஞ்சின. குடும்பத்துக்கு நேர்ந்ததை ஒரு பக்கமும் ஓவியங்களை மறு பக்கமும் வைத்து நூறு வருடம் கழித்து நாம் வாதாடலாம். அம்மா நடித்த ராத்திரிகளில் என்ன மிஞ்சியது? ஸ்பெஷல் நாடகத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இதில் நிரந்தரமான குழு கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, தேதி வாங்கி, அட்வான்ஸ் கொடுப்பார்கள். அதனால்தான் 'ஸ்பெஷல்'. ஒத்திகை இல்லை. ராத்திரி பத்து மணிவாக்கில் ஒப்பனைக் கொட்டகையில் சந்தித்துக்கொள்பவர்கள் விடியும்வரை சேர்ந்து நடித்துவிட்டு, அவரவர் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார்கள். அம்மாவின் வாதத் திறமையைப் பற்றி இன்று சாட்சி சொல்ல, பெட்டிக்குள் மடித்து வைத்த நாலைந்து நாடக நோட்டீஸ்கள்தான் உண்டு. அவற்றில் அவளுடைய போட்டோ தபால் தலை அளவுக்கு இருக்கிறது. கோகேனின் நியாயம் அம்மாவுக்குக் கிடைக்க வழியே இல்லை.

இரண்டாவது, கோகேன் வருமானத்தை விட்டுவிட்டுக் கலைக்குப் போனவர். அம்மாவுக்குக் கலைதான் வருமானம். மாசியில் தொடங்கி ஆடிவரைக்கும் கிடைக்கும் தேதிகளை வைத்துத்தான் மழைக்காலத்தையும் ஓட்ட வேண்டும். ஒரு ஊருக்குச் சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தால் அந்தக் காசு மட்டும் போகாது. 'ஏமாத்திட்டா' என்ற பேரும் பரவும். அவள் குடும்பத்தை விட்டுப் போனது குடும்பத்துக்காக. 'தொழிலா குடும்பமா' என்ற கேள்வியைக் கேட்கக்கூட ஒரு மாதச் செலவுக்குக் கையில் காசு இருக்க வேண்டும் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

இத்தோடு முடித்துவிட்டால் அம்மாவுக்கு விடுதலை கிடைத்துவிடும். வறுமை எல்லாவற்றையும் மன்னித்துவிடும். ஆனால் அம்மாவே அப்படி முடிக்க விடவில்லை.

மூன்று வருடம் முன்னால், முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அன்னைக்கு மேடையில என்னைய நெனச்சியாம்மா?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. "மொத ஒரு மணி நேரம் நெனப்பாத்தான் இருந்துச்சு. அப்பறம் நாரதர் வந்தாரு. அன்னைக்கு நாரதர் நல்ல ஆளு. தர்க்கம் புடிச்சா விட மாட்டாரு. மூணு மணிக்கு மேல எனக்கு நீயும் இல்ல, வீடும் இல்ல. பொய் எதுக்குச் சொல்லணும்?"

என் கேள்வியின் நடு மையம் இதுதான். அவள் போனதற்குக் காரணம் இருந்தது. மறந்ததற்கு? அந்த மூன்று மணி நேர சந்தோஷத்துக்கு? பணத் தேவை அவளை மேடைவரைக்கும் கொண்டுபோய் விட்டது. மேடை மேல் நடந்தது அவளுக்கே ஆனது. கூலிக்குப் போகிற அம்மாவை ஊர் மன்னிக்கும். போன இடத்தில் சந்தோஷமாக இருந்த அம்மாவை மன்னிப்பது பிள்ளைக்கே கஷ்டமாக இருக்கிறது.

*

தமிழ் மேடையின் கதையைப் படித்தால், குடும்பம் என்ற கேள்வியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி முடித்துவைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

இன்றும் ஆடப்படும் வள்ளி திருமணத்தை மேடைக்குத் தந்த சங்கரதாஸ் சுவாமிகள் குடும்பம் என்ற ஒன்றையே வைத்துக்கொள்ளவில்லை. துறவி மாதிரி வாழ்ந்து 1922-ல் புதுச்சேரியில் இறந்தார். கம்பெனிப் பையன்கள்தான் அவருக்குப் பிள்ளைகள். அந்தப் பையன்களில் ஒருவர் டி.கே. சண்முகம். 1918-ல் ஆறு வயதில் அண்ணன்களோடு கம்பெனியில் சேர்ந்தவர். அப்பாவும் நடிகர். வீட்டையே மேடைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். சிவாஜி கணேசன் வேறு வழி எடுத்தார். சிறுவனாக வீட்டை விட்டு ஓடி, தனக்கு யாருமில்லை என்று பொய் சொல்லி நாடகக் கம்பெனியில் சேர்ந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். துறப்பது, கூட்டிக்கொண்டு வருவது, இல்லை என்று சொல்லிவிடுவது. மூன்றையும் நாம் கலை வெறியின் அடையாளமாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இதில் யாரிடமும் 'வீட்டை யார் பார்த்துக்கொண்டார்கள்?' என்று கேட்டதாகத் தெரியவில்லை.

கே.பி. சுந்தராம்பாளிடம் வந்தால் பேச்சு மாறுகிறது. எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல், முப்பது வயதுகூட ஆகாமல் இறந்தபோது சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. அதற்குப் பிறகு வெள்ளைச் சேலை, நகை இல்லை, 1980-ல் சாகும்வரை. 1935-ல் நந்தனார் படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கியவர், மேலவை உறுப்பினரானவர். ஆனாலும் அவரைப் பற்றிய பேச்சு அந்த வெள்ளைச் சேலையில்தான் தொடங்கும். கிட்டப்பாவைப் பற்றிய பேச்சு அவர் குரலில் தொடங்கும். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மணமாகியிருந்தது. அந்த முதல் மனைவியைப் பற்றி நாடக வரலாறு ஒரு வரிக்கு மேல் பேசாது.

பாலசரஸ்வதியின் வீடு இதிலெல்லாம் சேராது. பாட்டி வீணை தனம்மாள். அம்மா ஜெயம்மாள். மகள் ஆட, அம்மா பாடுவார். ஒரு தம்பி மிருதங்கம், இன்னொரு தம்பி புல்லாங்குழல். மகள் லட்சுமியும் ஆடினார். ஆண் வழியில் சொத்தும் பேரும் போகும் வீட்டில்தான் மேடைக்குப் போகும் பெண் 'வெளியே' போகிறாள். இசை வேளாளர் வீட்டில் பெண் வழியாகக் கலை இறங்கி வந்தது. தொட்டிலும் தம்பூராவும் ஒரே கூடத்தில் இருந்தன. 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்த முறையில் இருந்த சுரண்டலை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பெண்ணின் தொழிலும் பிள்ளை வளர்ப்பும் ஒரே கூரைக்கு அடியில் நடந்த ஒரு வீட்டு அமைப்பும் அத்தோடு கலைந்தது.

இதை வைத்து அந்த வீடுகளைச் சொர்க்கமாக்க நான் தயாரில்லை. பாலசரஸ்வதி காஞ்சிபுரத்தில் அரங்கேறியது ஏழு வயதில். நான் வேப்பிலையில் படுத்திருந்த அதே வயது. அந்தக் குழந்தையிடம் யாரும் விருப்பம் கேட்டிருக்க மாட்டார்கள். மேடைக்கு வெளியே காத்திருக்கும் பிள்ளைக்கு ஒரு கஷ்டம் என்றால், மேடைக்குள்ளேயே பிறந்துவிட்ட பிள்ளைக்கு வேறு கஷ்டம். எனக்கு இதிலிருந்து கிடைத்தது ஒன்றுதான். கலைக்கும் குடும்பத்துக்கும் இயற்கையாகவே பகை என்று எதுவும் இல்லை. வீட்டை எப்படிக் கட்டினோம், அதில் யாருக்கு எந்த வேலை என்று வைத்தோம் என்பதில்தான் பகை வருகிறது.

*

நாற்பது நாள் அழைப்பைப் பற்றி நான் ஆலோசனை கேட்ட எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "பேலன்ஸ் பண்ணிக்கலாம்."

எனக்கு மதுரை மார்க்கெட்டில் பார்த்த கைத்தராசு ஞாபகம் வந்தது. இரண்டு தட்டு, நடுவில் முள். முள் நேராக நின்றால் எடை சரி. எல்லோரும் தட்டையும் முள்ளையும்தான் பார்ப்பார்கள். தராசு தானாக நிற்காது. அதை ஒருத்தர் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிடித்தவரின் கைவலி எந்தத் தட்டிலும் ஏறாது.

அம்மா ஒரு தட்டில் நாடகத்தையும் இன்னொரு தட்டில் என்னையும் வைத்து இருபது வருடம் ஓட்டினாள். பிடித்துக்கொண்டிருந்தது பெரியம்மா. அம்மாவுக்கு மூத்தவள். கல்யாணமாகி இரண்டாவது வருடம் திரும்பி வந்தவள். 'அவளுக்குன்னு யாரு இருக்கா, பிள்ளைய பாத்துக்கட்டும்' என்று அவளுக்கு என்னைக் கொடுத்தார்கள், ஏதோ உதவி செய்கிற மாதிரி. கோகேன் கதைக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். நிஜ கோகேனின் மனைவி மெட், கோபன்ஹேகனில் பிரெஞ்சு கற்றுக்கொடுத்தும் மொழிபெயர்த்தும் ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். எனக்கு அந்த உதாரணத்தைச் சொன்ன நண்பன் மெட் பேரைச் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை.

என் வீட்டில் பெரியம்மா இடத்தில் இப்போது என் கணவர் இருக்கிறார். ஒத்திகை நாட்களில் சமையலும் அவர்தான், பள்ளிக்கூடம் கொண்டுவிடுவதும் அவர்தான். போன ஐப்பசியில் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் இரண்டு நாள் லீவு போட்டார். அடுக்ககத்தில் இருக்கும் பெண்கள் எல்லோரும் என்னிடம் சொன்னார்கள், "குடுத்து வச்சவ நீ." அவரிடமும் சொன்னார்கள், "உங்கள மாதிரி யாருங்க இருப்பா?" இரண்டு நாளுக்கு இவ்வளவு கைதட்டல். இருபது வருடம் பிடித்தவளுக்கு ஒரு தட்டல்கூடக் கிடையாது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கைதட்டல் எந்தப் பக்கம் போகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். கடமையும் கடன்தான், வாங்கிய பணமும் கடன்தான். மேடைக்காரரின் வாழ்க்கையை விளங்கிக்கொள்ள 'சமநிலை' என்ற சொல்லைவிட இது எனக்கு உதவுகிறது. நாடகம் போடுகிறவர்களிடம் அட்வான்ஸ் வாங்கினால் அது கடன், அந்த ராத்திரி போய் நின்று ஆடினால் தீரும். அதே ராத்திரிக்காக அம்மா வேறு இரண்டு பேரிடமும் அட்வான்ஸ் வாங்கியிருந்தாள். என்னிடம், பெரியம்மாவிடம். நாங்கள் கொடுத்ததற்கு நோட்டீஸ் அடிக்கவில்லை, ரசீது இல்லை. எவ்வளவு நன்றாக ஆடினாலும் தீராத கடன் அது. அம்மா மகா நடிகையாக ஆகியிருந்தாலும், சினிமாவுக்கே போயிருந்தாலும், பெரியம்மாவின் ராத்திரிகள் திரும்பி வந்திருக்காது. வெற்றியால் நியாயம் கிடைக்கும் என்ற வாதம் எனக்குச் சரிப்படாமல் போனது இங்கேதான். ஜெயிப்பது ஒருத்தர், கொடுத்தது இன்னொருத்தர்.

அப்படியென்றால் ஆடவே கூடாதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடனே வாங்காமல் யாரும் எதையும் செய்துவிடவில்லை. வங்கி வேலைக்குப் போகிறவர்கூட யாரோ துவைத்த சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போகிறார். மேடையில் அது கூடுதலாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ராத்திரி வேலை, ஊர் ஊராக வேலை, போதாததற்குச் சந்தோஷமாக இருக்கும் வேலை. அம்மாவின் அந்த மூன்று மணி நேர சந்தோஷத்தை நான் இப்போது தப்பு என்று சொல்ல மாட்டேன். அது இல்லாமல் அவள் வெறும் கூலிக்காரியாக வீடு திரும்பியிருந்தால் எனக்கு என்ன கூடக் கிடைத்திருக்கும்?

தப்பு வேறு இடத்தில் இருந்தது என்று நினைக்கிறேன். கணக்கில் கடனை எழுதாமல் விட்டதில். பெரியம்மா பார்த்துக்கொண்டதைப் 'பாசம்' என்று சொல்லி எழுதாமல் விட்டோம். அம்மா மட்டும் இல்லை, நானும்தான். அம்மாவின் மேல் இருபத்தெட்டு வருடம் மனத்தாங்கலோடு இருந்த எனக்கு, பெரியம்மாவிடம் ஒரு தடவைகூட 'உனக்கு என்ன வேணும்?' என்று கேட்கத் தோன்றவில்லை.

'கடன் இருக்குன்னு ஒத்துக்கிட்டா போதுமா? ஒத்துக்கிட்டே வாங்கிக்கிட்டே இருக்கலாமே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒத்துக்கொள்வது மட்டும் என்றால் அது இன்னொரு வசனம்தான், எங்களுக்கு வசனம் பேசச் சொல்லியா தர வேண்டும்? ஒத்துக்கொண்டால் அளவு வர வேண்டும். நான் இயக்குநரிடம் பேசி, இருபது நாளுக்கு மட்டும் வருகிறேன், மீதிக்கு அந்தப் பாத்திரத்தை இன்னொருவருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் செய்தார். அடுத்த நாடகத்துக்கு அவர் என்னைக் கூப்பிடவில்லை. இதை ஒரு தீர்வாகச் சொல்லவில்லை. எனக்கு நட்டம், பாப்பாவுக்கும் இருபது நாள் நட்டம், கணவருக்குப் பதவி உயர்வுக்கான பயிற்சி ஒன்று தள்ளிப்போனது. யார் யாருக்கு எவ்வளவு என்று இந்தத் தடவை ராத்திரி உட்கார்ந்து பேசினோம். சண்டையும் வந்தது.

*

கிளம்புவதற்கு முன்னால் மதுரைக்குப் போனேன். அம்மாவுக்கு இப்போது நலிந்த கலைஞர் உதவித்தொகை வருகிறது. நலிந்த பெரியம்மாவுக்கு எந்தத் தொகையும் கிடையாது. கொல்லையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

"பெரியம்மா, அப்பல்லாம் உனக்குன்னு என்ன ஆசை இருந்துச்சு?"

"என்னத்தக் கேக்குற திடீர்னு?"

"சும்மா சொல்லு."

கீரைத்தண்டை ஒடித்துப் போட்டாள். "உங்கம்மா நாடகத்த ஒரு நா விடிய விடிய பாக்கணும்னு இருந்துச்சு."

எனக்குப் புரியவில்லை. எத்தனையோ ஊருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு அம்மாவோடு வந்திருக்கிறாளே?

"எங்க பாத்தேன்? பபூன் வந்து போற வரைக்கும் முழிச்சிருப்ப. வள்ளி வர்ற நேரத்துக்கு நீ தூங்கிருவ. தோள்ல போட்டுக்கிட்டுக் கொட்டாய்க்குப் பின்னாடி வந்து படுத்துக்குவேன். சத்தம் மட்டும் கேக்கும்."

அவளுக்கு எழுபத்திரண்டு வயது. தங்கை வள்ளியாக நடித்து முடித்தே பதினைந்து வருடம் ஆகிவிட்டது. அந்த நாடகத்தை இனி அவளுக்குக் காட்ட முடியாது. ஆனாலும் இந்தப் பங்குனியில், மேலூர்ப் பக்கம் ஒரு ஊரில் வள்ளி திருமணம் என்று கேள்விப்பட்டு ஒரு வண்டி பிடித்தேன். அம்மா, பெரியம்மா, நான், பாப்பா.

பபூன் பாட்டுக்குப் பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். பன்னிரண்டரைக்கு என் மடியில் சாய்ந்தாள். பெரியம்மா பழக்கத்தில் கை நீட்டினாள். "குடு, நான் போட்டுக்கிறேன்."

"நீ பாரு" என்று சொல்லிவிட்டு, பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்கு வந்தேன். கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கொசு. ஆர்மோனியம் கேட்டது. வள்ளி வந்துவிட்டாள் என்று கூட்டத்தின் விசிலில் தெரிந்தது. நாரதரோடு தர்க்கம் தொடங்கியது. நன்றாகப் பேசினாள் என்றுதான் நினைக்கிறேன், பாதி வார்த்தை காற்றில் போய்விட்டது. பார்க்க வேண்டும் என்று உடம்பெல்லாம் பரபரத்தது. பாப்பா தூக்கத்தில் என் காதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் இரண்டு பேரும் வந்தார்கள். பெரியம்மா கண்ணெல்லாம் சிவந்து, சேலையில் மண்ணோடு, வண்டியில் ஏறும்போதே அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"இந்தப் புள்ள பரவால்லடி. ஆனா நாரதர்கிட்ட இன்னுங் கொஞ்சம் மல்லுக்கு நின்னுருக்கணும்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து, பெரியம்மாவுக்கு இடம் விட்டாள்.